கட்டுப் போடக் கூடாத மூட்டு

புத்தூர் என்றால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு ஊர் நினைவுக்கு வராது, கட்டுதான் வரும். திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா வழியாகத் திருத்தணிக்கு இறங்கும் பாதையில், பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. அதை ஒட்டிய ராச்சபாளையத்தில் ராஜு குடும்பத்தார் நூறு ஆண்டுக்கு மேலாகப் பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் சிம்பு, துணி இவற்றை வைத்து எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வருகிறார்கள். அந்தப் பெயரை எழுதிய பலகை இல்லாத தமிழ்நாட்டு நகரம் அரிது. கட்டின் தத்துவம் ஒரே வரிதான்: உடைந்ததை அசைக்காதே. அது நல்லதா கெட்டதா என்று எலும்பு மருத்துவர்கள் வாதாடட்டும். இந்த வட்டாரத்து மனதில் மூட்டில் வலி என்றால் கட்டு, ஓய்வு, பத்தியம் என்ற வரிசை ஊறிப்போயிருக்கிறது என்பது மட்டும் உண்மை.

தாடை மூட்டு இந்தக் கணக்கில் சேராது. நாள்கணக்கில் அசையாமல் வைத்தால் அது பூட்டிக்கொள்ளத் தொடங்கும்.

காதுத் துளைக்கு ஒரு விரல் முன்னால் விரல் நுனியை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே ஒரு குமிழ் உருண்டு முன்னால் நகர்வது தெரியும். கீழ்த்தாடையின் தலை அது. அதற்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவில் மெல்லிய தட்டு ஒன்று மெத்தையாக இருக்கிறது. வாய் திறப்பின் முதல் பாதியில், ஏறக்குறைய 20 முதல் 25 மி.மீ. வரை, அந்தத் தலை இருந்த இடத்திலேயே சுழல்கிறது. அதற்கு மேல் திறக்க வேண்டுமானால் தலையும் தட்டும் சேர்ந்து முன்னால் வழுக்கி இறங்க வேண்டும். முழங்கை கீல் மாதிரி வேலை செய்கிறது. இது கீலும் இழுப்பறையும் சேர்ந்த வேலை. போதாததற்கு இடதும் வலதும் ஒரே எலும்பில் மாட்டியவை. ஒரு பக்கம் முரண்டு பிடித்தால் மறுபக்கமும் கோணும்.

பெரியவர்களுக்கு மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையே 40 முதல் 55 மி.மீ. வரை திறந்தால் இயல்பு. அளவுகோல் கையில் இல்லாதவர், தன் கையின் நடு மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி நுழைத்துப் பார்க்கலாம். மூன்று நுழைந்தால் சரி. இரண்டோடு நின்றால் காரணம் தேட வேண்டும். 35 மி.மீ.க்குக் கீழே போனால் மருத்துவர்கள் பொதுவாக அதை வாய் இறுக்கம் என்றே குறிப்பார்கள்.

சித்தூர்ப் பக்கத்தில் இந்த வேதனை இரண்டு மொழியில் வரும். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசுகிறவர்கள் ஒரே மூச்சில் “தவடை பிடிச்சிக்கிச்சு” என்பார்கள், “நோரு தெரவலேக்கபோதுன்னா” என்பார்கள். பேச்சுத் தமிழின் தவடையும் தெலுங்கின் தவடவும் ஒரே சொல்தான். ஆனால் இந்த ஒரு புகாருக்குப் பின்னால் குறைந்தது நான்கு வெவ்வேறு நோய்கள் இருக்கலாம். அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் பயிற்சி கொடுப்பதும், பயிற்சி பயனற்றது என்று தள்ளுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

முதலாவது தசை. கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் இருக்கும் மெல்லும் தசைகள் இறுகி வலிப்பது. இரவில் பல் கடிப்பவர், பகலில் தெரியாமலே பல்லைக் கடித்து வைத்திருப்பவர், மனச்சுமையும் தூக்கக் குறைவும் உள்ளவர் என்று இந்தக் கூட்டம் பெரிது. ஆண்களைவிடப் பெண்கள் அதிகம், அதிலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள். பொங்கலுக்குக் கரும்பை முன்பல்லால் உரித்து மூன்று நாள் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதும் இந்த வகைதான். கரும்பு விளைந்து வெல்லம் காய்ச்சுகிற சித்தூருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது தட்டு. அது இடம் பிசகினால் வாய் திறக்கும்போது ‘கிளிக்’ என்று சத்தம் வரும். வலியில்லாத கிளிக் எத்தனையோ பேருக்கு உண்டு. அதற்கு வைத்தியம் வேண்டாம், பயமும் வேண்டாம். கவனிக்க வேண்டியவர் வேறு: பல மாதம் கிளிக் கேட்டு, ஒரு நாள் காலை அந்தச் சத்தம் திடீரென நின்று, அதோடு வாயும் இரண்டு விரலுக்கு மேல் திறக்காமல் போனவர். சத்தம் போனதால் குணமாகிவிட்டது என்று சிலர் நினைப்பார்கள். தட்டு முன்னால் சிக்கி வழியை அடைத்துவிட்டது என்பதே அதற்குப் பொருள். அவர் வாயைத் திறக்கும்போது தாடை நோயுள்ள பக்கமாகச் சாயும்.

இந்த இரண்டு வகைக்கும் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்ற வரலாறு மருத்துவத்துக்குப் பெருமை தருவதாக இல்லை. 1934-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், காதுவலி, தலைவலி, தாடைவலி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, கடைவாய்ப்பல் போய் கடி தாழ்ந்ததுதான் காரணம் என்றார். அவர் சொன்ன உடற்கூற்று விளக்கம் பிற்பாடு நிற்கவில்லை. ஆனால் ‘கடியைச் சரி செய்தால் மூட்டு சரியாகும்’ என்ற நம்பிக்கை நின்றுவிட்டது. அதன் பேரில் எத்தனையோ நல்ல பற்கள் அராவப்பட்டன. 1980-களில் தட்டையே எடுத்துவிட்டு ப்ரோப்ளாஸ்ட்-டெப்லான் என்ற செயற்கைப் பொருளை வைத்தார்கள். அது உள்ளே நொறுங்கி எலும்பை அரித்தது. 1990-ஐ ஒட்டி அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதைத் திரும்பப் பெற வைத்தது. மூட்டு போய், வலி மட்டும் மிஞ்சியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதலின் எடை தெரியும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை மூட்டு வலிக்கு எது பயன் தருகிறது என்று சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த குழு அது. உறுதியாகப் பரிந்துரைத்த பட்டியலில் கத்தி இல்லை, ஊசி இல்லை. மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சியும் நீட்சியும், சிகிச்சையாளர் கையால் மூட்டை நகர்த்துவது, தசை முடிச்சுகளைக் கையால் தளர்த்துவது, கழுத்து தோள் நிலையைச் சீராக்கும் பயிற்சி, வீட்டுப் பயிற்சி, வலியை எதிர்கொள்ளும் உளவியல் சிகிச்சை, இவை இருந்தன. நம் ஊரில் முதலில் எழுதித் தரப்படும் பல் தடுப்புத் தகடு, லேசர், மின் தூண்டல், போடாக்ஸ் ஊசி ஆகியவை ‘வேண்டாம், ஆனாலும் சூழலைப் பொறுத்து’ என்ற வரிசையில் விழுந்தன. தட்டை அறுத்தெடுப்பதும், கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் தகடும் ‘கூடாது’ என்ற வரிசையில்.

பிசியோதெரபி அறைக்குப் போனதும் கன்னத்தில் பசை தடவி, இயந்திரத்தின் தலையை வைத்து, பத்து நிமிடம் ஓடவிட்டு அனுப்பினால், அந்தப் பட்டியலின் மேல்வரியை விட்டுவிட்டு அடிவரியை வாங்கி வந்திருக்கிறோம் என்று அர்த்தம். இயந்திரத்துக்கு விலை உண்டு, கைக்கு இல்லை என்று நாமே நினைத்துக்கொள்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.

கை என்ன செய்கிறது? உறை மாட்டிய கட்டைவிரலைக் கீழ்க் கடைவாய்ப்பல்லின் மேல் வைத்து, மற்ற விரல்களால் தாடையை வெளியே பிடித்து, முதலில் கீழ்நோக்கி, பிறகு மெல்ல முன்னால் இழுக்கிறார் சிகிச்சையாளர். சில நொடி பிடித்து விடுவார், மறுபடி இழுப்பார். பலம் தேவையில்லை, பொறுமை போதும். விலகிய தாடையை ஏற்றிப் பூட்ட, சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தியப் பாப்பிரஸ் சுருள் ஒன்றில் சொன்ன கைப்பிடியும் கட்டைவிரலை வாய்க்குள் விட்டுப் பிடிப்பதுதான். பிறகு நோயாளிக்கு வீட்டுப்பாடம். சிலி நாட்டு இயன்முறை மருத்துவர் மரியானோ ரொக்கபாடோ பெயரில் வழங்கும் முறையில் ஆறு பயிற்சிகள், ஒவ்வொன்றும் ஆறு தடவை, நாளுக்கு ஆறு வேளை. அதில் முதலாவது நாக்குக்கு இடம் சொல்லித்தருவது. ஆங்கிலப் புத்தகங்கள் அதற்கு ஒரு பத்தி எழுதும். தமிழருக்கு ஒரு எழுத்து போதும்: ‘ன்’ என்று சொல்லி நாக்கை அங்கேயே நிறுத்துங்கள். உதடு சேர்ந்திருக்கட்டும், பல் சேர வேண்டாம். தாடைக்கு ஓய்வு என்பது அந்த நிலைதான். நாக்கு நுனியை அண்ணத்திலிருந்து எடுக்காமல் வாயைத் திறந்தால் மூட்டு சுழலும், வழுக்காது. வலிக்கிற மூட்டைப் பழக்க அதுவே முதல் படி.

சாப்பாட்டில் சித்தூர் வட்டாரத்துக்கு ஒரு வசதி உண்டு. ராகி சங்கடி மெல்லாமல் விழுங்குகிற உணவு. உருண்டையைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து உள்ளே தள்ள இரண்டு விரல் திறப்பே அதிகம். வலி கடுமையாக இருக்கிற ஒன்றிரண்டு வாரத்துக்குத் தாடைக்கு இதைவிட நல்ல பத்தியம் கிடையாது. அதற்கு மேல் மென்மையான உணவிலேயே தங்கிவிடக் கூடாது. மெல்லாத தசை மெலியும்.

மூன்றாவது வகை எலும்பு. இதில்தான் கட்டு மனப்பான்மை நேரடியாகக் கெடுதி செய்கிறது. குழந்தை திண்ணையிலிருந்தோ சைக்கிள் கேரியரிலிருந்தோ விழுந்து மோவாயில் அடிபடுகிறது. மோவாயில் இரண்டு தையல் போடுகிறார்கள், காயம் ஆறுகிறது. அடியின் வேகம் தாடை எலும்பு வழியே மேலேறி மூட்டுத் தலையை உடைத்திருப்பதை யாரும் பார்க்கவில்லை. உள்ளே கசிந்த ரத்தம் எலும்பாக இறுகி, தாடையும் மண்டையோடும் ஒரே எலும்பாகிவிடுகின்றன. இரண்டு மூன்று ஆண்டில் வாய் ஒரு விரல்கூடத் திறக்காது. அந்தப் பக்கம் தாடை வளராது; மோவாய் உள்வாங்கி முகம் பறவை முகம்போல் ஆகும், இரவில் மூச்சு திணறும். காதில் சீழ் வைத்து மூட்டுக்குப் பரவினாலும் இதே கதி. இந்தியாவில் தாடை அறுவை மருத்துவர்களுக்கு இது பாடப்புத்தக நோய் இல்லை, தினசரி நோய்.

மூட்டுத் தலை உடைந்த குழந்தையின் வாயைக் கம்பியால் கட்ட நேர்ந்தாலும் சில நாள்தான், அதிகம் போனால் பத்து நாள், பிறகு உடனே அசைக்கத் தொடங்க வேண்டும். உறைந்தே போன மூட்டை அறுவையில்தான் பிரிக்க முடியும். எந்தப் பயிற்சியும் எலும்பை வளைக்காது. எலும்பை அகற்றி, இடைவெளியில் பொட்டுத் தசையின் ஒரு பகுதியைத் திருப்பி வைக்கிறார்கள். மயக்கத்தில் இருக்கும்போது மேசை மேல் வாய் 35 மி.மீ. தாராளமாகத் திறக்கும். அன்று எல்லோரும் மகிழ்வார்கள். வெற்றி அன்று நிர்ணயமாவதில்லை.

அடுத்த ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, நாளுக்குப் பல வேளை, அந்தக் குழந்தையின் வாயை வலியோடு திறக்க வைக்க வேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் எண்ண, குழந்தை அழும். பெரும்பாலும் அம்மாதான் அதைச் செய்கிறாள். பெற்ற மனம் இரங்கி ஒரு மாதம் விட்டால், பிரித்த இடம் மறுபடி சேரத் தொடங்கும். இரண்டாம் அறுவை முதலாவதைவிடக் கடினம்.

இந்தப் பாடத்தை இந்தப் பகுதி ஏற்கெனவே கற்றிருக்கிறது. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள வேலூரில் ஒரு மருத்துவமனையில், 1940-களின் பிற்பகுதியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்றும் அறுவையைத் தொடங்கினார். அறுவைக்கு முன்னும் பின்னும் கைக்குப் பயிற்சி கொடுக்கவென்றே அங்கே ஆட்களைப் பழக்கினார்கள். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அந்த மருத்துவமனையில் மறுவாழ்வு மருத்துவத் துறையை நடத்தினார். கத்தி திறந்துவிட்டதைப் பயிற்சிதான் தக்கவைக்கும் என்பது கை விரலில் நிரூபணமான உண்மை. தாடைக்கும் அதே விதி.

நான்காவது தழும்பு, அதாவது பாக்கு. வாயின் உட்தோல் வெளுத்து, காரம் பட்டால் எரிந்து, கன்னத்துக்குள் நார்நாராக இறுகி, மாதத்துக்கு மாதம் வாய் சுருங்கும் நோய். 1952-ல் ஜே. ஷ்வார்ட்ஸ் கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியேறியிருந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார்; அடுத்த ஆண்டு பம்பாயில் எஸ்.ஜி. ஜோஷி தனியாக விவரித்தார். பாக்கில் உள்ள அரிக்கோலின் நார்த்திசுவைப் பெருக்குகிறது, பாக்கில் நிறைய இருக்கும் செம்பு அந்த நாரைக் கரையாதபடி முறுக்குகிறது. கேரளத்தின் எர்ணாகுளத்தில் இந்த நோயுள்ள 66 பேரை 17 ஆண்டு தொடர்ந்து கவனித்தபோது 5 பேருக்கு வாய்ப் புற்று வந்தது. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட தொகுதியில் அறிவித்தது. பாக்கு வேறு, குட்கா வேறு என்று சொல்லித் தேற்றிக்கொள்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2013-ல் ஆந்திரமும் தமிழ்நாடும் குட்காவைத் தடை செய்தன. பொட்டலம் கிடைப்பது நின்றுவிட்டது என்று எந்தப் பேருந்து நிலையத்திலும் நின்று சொல்ல முடியாது.

இங்கே தாடை மூட்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கன்னம்தான் விடாது. பாக்கை விட்டாலும் உண்டான நார் தானாகக் கரையாது. விடாவிட்டால் எந்தச் சிகிச்சையும் நிற்காது. நாருக்குள் ஊசி, அறுத்துவிட்டு மேலே தசைத் துண்டு போர்த்துவது, எதைச் செய்தாலும் கூடவே பயிற்சி போக வேண்டும். அதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் மலிவான கருவி ஐஸ்கிரீம் குச்சி. ஒரு குச்சி ஏறக்குறைய 2 மி.மீ. கடைவாயில் நுழைகிற வரை அடுக்கி, கட்டுக்கு நடுவில் இன்னும் ஒன்றைச் செருகுவது. இழுப்பு தெரியும், வலி தாளும்படி இருக்கும். அரை நிமிடம் பிடித்து எடுக்க வேண்டும். இந்த வாரம் பத்துக் குச்சி, அடுத்த வாரம் பதினொன்று. குச்சி பொய் சொல்லாது என்பதுதான் அதன் சிறப்பு. 1993-ல் வெளியான ஒரு சிறு ஆய்வில், புற்றுநோய்க் கதிர்வீச்சுக்குப் பின் இறுகிய வாய்களைக் கைப்பிடியுள்ள இறக்குமதிக் கருவி குச்சியைவிட நன்றாகத் திறந்தது; அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அதை வாங்க முடியாதவருக்குக் குச்சியைக்கூடச் சொல்லாமல் அனுப்புவதற்கு அந்த ஆய்வு சாக்காகாது.

கதிர்வீச்சு பெற்றவர்களின் இறுக்கம் சிகிச்சை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போகும். முன்கூட்டியே தொடங்கும் பயிற்சி அதை எவ்வளவு தடுக்கும் என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. இறுகிக் கெட்டியான பிறகு தொடங்குவது கடினம் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை.

தாடைச் சிகிச்சைக்கு வேண்டிய இடங்கள் அத்தனையும் திருப்பதியில் இருக்கின்றன. ருயா அரசு மருத்துவமனை, பிசியோதெரபி கல்லூரியோடு கூடிய ஸ்விம்ஸ், திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் எலும்பு மறுவாழ்வு மருத்துவமனையான பர்ட், 2022-ல் திறந்த புற்றுநோய் மருத்துவமனை, ரேணிகுண்டா சாலையில் பல் மருத்துவக் கல்லூரி. சித்தூர்ப் பக்கம் அப்போலோ மருத்துவக் கல்லூரி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் குப்பத்தில் பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி. ஆளும் இடமும் உண்டு. தாடைதான் அநாதை. பல் மருத்துவருக்கு அது பல்லைத் தாண்டிய மூட்டு. இயன்முறை மருத்துவருக்கு அது முதுகையும் முழங்காலையும் போலத் தினமும் கைபடாத மூட்டு. ஒருவர் சீட்டிலிருந்து மற்றவர் மேசைக்கு நோயாளி போவதற்கான வழி எழுதப்படாமல் இருக்கிறது. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் பிசியோதெரபிக்குச் சட்ட அந்தஸ்து தந்தது. அந்தஸ்து பரிந்துரைச் சீட்டில் ஒரு வரியாக மாறினால்தான் நோயாளிக்குப் பயன்.

எல்லா வாய் இறுக்கத்துக்கும் பயிற்சி மேசை இடமில்லை. காய்ச்சலும் வீக்கமும் சேர்ந்த இறுக்கம் சீழ். அன்றே பல் மருத்துவரிடம் போக வேண்டும். காயத்துக்குப் பின் தாடை இறுகி, விழுங்கவும் முடியாமல் கழுத்தும் விறைத்தால் அது ரணஜன்னி. நேராக அவசரப் பிரிவு. உதடு மரத்துப் போனாலோ, ஆறாத புண்ணோ கட்டியோ இருந்தாலோ முதலில் சதைப் பரிசோதனை. ஐம்பது தாண்டியவருக்கு மெல்லும்போது மட்டும் தாடை வலித்து, பொட்டில் புதிதாகத் தலைவலியும் சேர்ந்தால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் கண் பார்வையே போகும். நடக்கும்போது வந்து, நின்றால் போகிற தாடைவலிக்கு இதயத்தைப் பார்க்க வேண்டும்.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த மருத்துவரைப் பார்த்தாலும், வாய் இன்று எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளந்து சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் பதினைந்து சென்டிமீட்டர் அளவுகோல் போதும், முன்பல்லின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு. வாரம் ஒரு முறை அதே பல்லில், அதே நேரத்தில் அளந்து நாட்காட்டித் தாளில் குறித்து வையுங்கள். மோவாயில் தையல் போட்ட குழந்தை வீட்டில் இருந்தால் அதற்கும் இன்றே ஒரு தடவை அளந்துவிடுங்கள்.